ஷாட்டோ லின்ச்-பாஜ் 2005: திருகோணமலையில் வைத்துக் குடிக்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிரான்சின் போர்டோப் பகுதியில் இருந்து வரும் இந்தச் சிவப்பு வைன் இப்போது குடிக்கும் பருவத்தில் நிற்கிறது. குளிரில் ஒழுங்காக இருந்து வந்த போத்தல் கிடைத்தால், விலையும் கைக்கு எட்டினால், தயங்காமல் வாங்கலாம். ஆனால் வாங்கிக்கொண்டுவந்து திருகோணமலையில் ஒரு அலுமாரிக்குள் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முதிரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போர்டோவில் பத்து வருடத்தில் நடப்பதை இங்குள்ள வெயில் ஒரு கோடைக்குள் நடத்திவிடப் பார்க்கும். அதுவும் கோணலாக நடத்தும்.

ஒரே பெட்டியில் வந்த இரண்டு போத்தல்களை அருகருகே திறந்து பார்த்தே இதைச் சொல்கிறோம். ஒன்று 13 பாகை செல்சியஸில் வைன் குளிர்பெட்டிக்குள் இருந்தது. மற்றது உவர்மலையில் ஒரு வீட்டு மர அலுமாரிக்குள் இரண்டு கச்சான் காலத்தைக் கண்டது. லேபிள் ஒன்று, ஆண்டு ஒன்று, உள்ளே இருந்ததோ இரண்டு வேறு வைன்.

ஷாட்டோவைப் பற்றி, அதாவது இந்த வைன் தோட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. போர்டோவுக்கு வடக்கே ஜிரோந்த் முகத்துவாரத்தின் இடது கரையில் போயாக் என்ற சிறு துறைமுக ஊர். அதன் ஓரத்தில் பாஜ் என்ற குக்கிராமம். தோட்டங்களை ஐந்து வரிசையாகப் பிரித்த 1855 தரவரிசையில் லின்ச்-பாஜ் ஐந்தாம் வரிசையில் வைக்கப்பட்டது. சந்தையிலோ அதற்கு மேலான வரிசைக்காரருடன் தோள் உரசி விற்கிறது. 1930களில் இருந்து காஸ் குடும்பத்தின் கையில் இருக்கிறது. திராட்சையில் பெரும்பங்கு கபெர்னே சோவின்யோன், அதோடு மெர்லோவும், கொஞ்சம் கபெர்னே ஃப்ராங்கும் பெட்டி வெர்டோவும். 2005 அங்கே மழை குறைந்த, வறண்ட ஆண்டு. பழம் சிறிதாக, தோல் தடிப்பாக விளைந்தது. சாயமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன என்பதால் அந்த ஆண்டு மெடோக் (போயாக் இருக்கும் இடது கரைப் பகுதி) வைன்கள் இளமையில் நாக்கைப் பிடித்து இறுக்கின. இருபது வருடம் தேவைப்பட்டது அதனால்தான்.

துவர்ப்பை விளக்க ஆங்கிலக்காரர் நிறையப் பாடுபடுவார்கள். நமக்கு அது அறுசுவையில் ஒன்று, தனிப் பெயரே இருக்கிறது. சாயம் கூடின வெறும் தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் குடித்தால், பச்சைப் பாக்கைக் கடித்தால், கன்னத்தின் உட்பக்கம் வறண்டு இழுக்குமே, அதுதான் டனின். இளம் வைனில் அது கரகரப்பாக நிற்கும். வருடங்கள் போகப்போக டனினும் சாயப் பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து பெருத்து, தாங்க முடியாத கட்டத்தில் மண்டியாக அடியில் இறங்குகின்றன. மிச்சமிருக்கும் துவர்ப்பு மெத்தென்று ஆகிறது. ஊதாச் சிவப்பு செங்கல் நிறத்துக்குத் திரும்புகிறது. பழ வாசம் பின்னுக்குப் போக, புகையிலை, தோல், ஈரமண் வாசங்கள் எழும்புகின்றன. இந்த வேலை எல்லாம் 12 முதல் 14 பாகையில் மெல்ல நடக்க வேண்டும். வெப்பம் 10 பாகை ஏறினால் இரசாயன மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆனால் எல்லா மாற்றமும் ஒரே விகிதத்தில் வேகம் எடுப்பதில்லை. பழ வாசம் அழிவது முந்திவிடும், துவர்ப்பு மெத்தென்று ஆவது பிந்திவிடும். அலுமாரிப் போத்தலில் கண்டது அதுதான்.

முதலில் குளிர்பெட்டிப் போத்தல். திறப்பதற்கு இரண்டு நாள் முன்னரே நிமிர்த்தி வைத்திருந்தோம். படுக்கையில் கிடந்தபோது பக்கச்சுவரில் படிந்த மண்டி அடிக்கு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். வைன் மட்டம் கழுத்தின் அடிப்பகுதியில் நின்றது. இருபது வருடப் போத்தலுக்கு இது நல்ல மட்டம். தோளின் மேல்விளிம்புக்கு இறங்கியிருந்தால் யோசிக்க வேண்டும், தோளின் நடுவுக்கு வந்திருந்தால் வாங்கவே கூடாது. தகட்டு மூடியை முழுதாக வெட்டி எடுத்து, விளிம்பை ஈரத்துணியால் துடைத்தோம். தக்கையின் தலையில் கொஞ்சம் பூஞ்சணம் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, துடைத்தால் போகும்.

இவ்வளவு வயதான தக்கைக்குச் சாதாரணத் திருகியை நம்ப வேண்டாம். நடுவில் துளைத்து இழுத்தால் மேற்பாதி கையோடு வரும், கீழ்ப்பாதி கழுத்திலேயே நிற்கும். இரண்டு மெல்லிய தகடு கொண்ட பிடுங்கி ஒன்று இருக்கிறது, ஆ-சோ என்பார்கள். நீளமான தகட்டை முதலில் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் செருகி, பிறகு மற்றதை வைத்து, இடமும் வலமுமாக அசைத்து அசைத்து இறக்க வேண்டும். நேரே அமுக்கினால் தக்கை உள்ளே விழும். கைப்பிடி தக்கையின் தலையில் முட்டியதும், திருகிக்கொண்டே மேலே எடுக்க வேண்டும். எங்களுக்குத் தக்கை முழுதாக வந்தது. ஷாட்டோவின் பெயரும் ஆண்டும் தெளிவாகத் தெரிந்தன. அடியில் ஒரு விரல்நுனி உயரத்துக்குத்தான் சிவப்பு ஏறியிருந்தது. தக்கையிலுள்ள ஆண்டு லேபிளோடு பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள். தக்கை உடைந்தால் மிச்சத்தில் திருகியைச் சரிவாகச் செலுத்தி மெதுவாக எடுக்கலாம். தூளாகி விழுந்தால் மெல்லிய சில்வர் தேத்தண்ணி வடியால் வடிக்கலாம், ருசி கெடாது.

ஊற்றுவதற்கு கைத்தொலைபேசி வெளிச்சம் போதும். அதை மேசையில் நிமிர்த்தி வைத்து, போத்தலின் கழுத்து வெளிச்சத்துக்கு நேரே வரும்படி பிடித்து, வாய் அகன்ற கண்ணாடி ஜக்குக்குள் ஒரே ஓட்டமாக, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நிறுத்தி நிமிர்த்தினால் மண்டி கலங்கிவிடும். கடைசியில் கழுத்துக்குள் புகைபோல ஒரு கறுப்பு இழை ஓடிவரும். அங்கே நிறுத்திவிடுங்கள். 750 மி.லீ. போத்தலில் 40, 50 மி.லீ. அடியில் தங்கும். அதற்காக மனம் வருந்த வேண்டாம், அந்த மண்டி வாயில் கசக்கும், பல்லில் மணலாகக் கரகரக்கும்.

இளம் போர்டோவை இரண்டு மணிநேரம் ஜக்கில் விடச் சொல்வார்கள். இதற்கு அது கூடாது. நம்முடைய சூட்டில் வாசம் இன்னும் வேகமாகப் பறக்கும். அரை மணிநேரம் தாராளம். முதற் கோப்பையை உடனேயே எடுத்துக் கோப்பைக்குள்ளேயே விரிய விடுவது எங்களுக்குப் பிடித்த வழி.

வெப்பநிலையில்தான் இங்கு பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று எழுதிய ஐரோப்பியரின் அறை 17, 18 பாகை. நம்முடைய அறை 30. அந்தச் சூட்டில் அற்ககோல் மூக்கில் குத்தும், வைன் பாகுபோலத் தடிக்கும். 15 பாகையில் ஊற்றுங்கள், கோப்பையில் கால் மணிநேரத்துக்குள் தானாக 18க்கு ஏறும். குளிர்பெட்டியில் 13இல் இருந்த போத்தலைத் திறந்து வடித்து முடிக்கவே சரியான சூடு வந்துவிடும். சூட்டில் இருந்த போத்தலானால் ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி நிறைத்த வாளியில் நிமிர்த்தியபடி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். வெறும் ஐஸ்கட்டி மட்டும் போட்டால் கண்ணாடியில் முழுதாகப் படாது, நேரம் இழுக்கும். ஜக் வியர்த்துச் சொட்டும் என்பதால் கீழே ஒரு துவாய் போடுங்கள்.

500 மி.லீ.க்குக் குறையாத கோப்பையில் 100 மி.லீ. மட்டும். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பார்த்தால் நடுவில் அடர்ந்த மாதுளைச் சிவப்பு, விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குச் செங்கல் நிறம். வயதுக்குத் தகுந்த நிறம், பழுப்பு ஏறவில்லை. மூக்குக்கு முதலில் வந்தது கூர் சீவிய பென்சில்: மரச்சீவலும் கரியும் சேர்ந்த அந்த வாசம். போயாக்குக்கு இது அடையாளம். பிறகு பழம். புத்தகங்களில் எழுதும் கறுப்புக் கரண்ட் பழத்தைக் கண்டிராதவர்கள் நன்றாகக் கனிந்த நாவற்பழத்தை நினைத்துக்கொள்ளலாம், இனிப்பும் துவர்ப்பும் ஒரே பழத்தில் நிற்கும் விதத்தில் அது வெகு கிட்டே வரும். இருபது நிமிடத்தில் பற்றவைக்காத சுருட்டு, பழைய தோல்பை, முதல் மழை விழுந்த மண். வாயில் எடை உண்டு, ஆனால் பாரம் இல்லை. துவர்ப்பு இன்னும் இருக்கிறது. வெல்வெட்டை எதிர்ப்புறமாகத் தடவியதுபோல மெல்லிய சொரசொரப்பு. புளிப்பு உயிரோடு நின்று அடுத்த மிடறுக்கு வாயை நீர் ஊற வைக்கிறது. விழுங்கிய பின் ருசி அரை நிமிடத்துக்கு மேல் நின்றது. இதற்குத்தான் இத்தனை வருடக் காத்திருப்பு.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒரு மெல்லிய தொழுவ வாசம் வந்தது. பிரெட்டனோமைசெஸ் என்ற ஈஸ்டின் வேலை அது. பழைய போர்டோக்களில் சிறிதளவு வருவதைப் பலர் குணமாகவே எடுத்துக்கொள்வார்கள். இதில் காற்றுப் பட்டதும் அடங்கிவிட்டது. அடங்காமல் மருந்துப் பிளாஸ்டர் வாசமாகத் தடித்தால் அது பழுது.

இப்போது அலுமாரிப் போத்தல். தகட்டு மூடியைத் தொட்டபோதே விரலில் பிசுக்கு ஒட்டியது. வெட்டி எடுத்துப் பார்த்தால் தக்கை விளிம்புக்கு மேலே இரண்டு மில்லிமீற்றர் எழும்பி நின்றது. கணக்கு எளிது. 13 பாகையில் இருந்த 750 மி.லீ. வைன் 33 பாகைக்குப் போனால் ஏறக்குறைய 4 மி.லீ. விரியும். கழுத்துக்குள் இருக்கும் காற்றிடமே அவ்வளவுதான். அந்த அமுக்கத்தில் வைன் தக்கையின் ஓரத்தால் கசியும், சில சமயம் தக்கையே நகரும். இரவில் சூடு தணிந்ததும் வைன் சுருங்கி அதே வழியால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பகலுக்கும் இரவுக்கும் 7, 8 பாகை வித்தியாசம் உள்ள ஊரில் ஒவ்வொரு நாளும் இந்தப் பம்பு ஓடுகிறது. படுக்கையறை ஏசி அலுமாரியைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரவில் மட்டும் ஏசி போட்டுப் பகலில் நிறுத்தினால் ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். ஒரே சீரான 28 பாகைகூட அதைவிட மேல்.

நிறத்தில் பழுப்பு, விளிம்பில் தேத்தண்ணிச் சாயம். வாசத்தில் அவித்த உலர்பழமும் கருகத் தொடங்கிய சீனிப்பாகும். பென்சில் இல்லை, சுருட்டு இல்லை. வாயில் புளிப்பும் கசப்பும் தனித்தனியே நின்றன, இடையில் இருக்க வேண்டிய பழத்தைக் காணோம். இதைத் தக்கை நோயோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தக்கை நோய் வேறு: டிசிஏ என்ற பொருள் ஒரு லீற்றரில் சில நானோகிராம் இருந்தாலே மழையில் நனைந்து காயாத சாக்கு வாசம் வரும். அது தக்கையோடு வந்த பழுது, நல்ல களஞ்சியத்திலும் நேரும். அவித்த பழ வாசமோ சூட்டின் கைவேலை. கடையில் திருப்பிக் கொடுக்கும்போது எது என்று சொல்லத் தெரிந்திருப்பது நல்லது.

நிலத்துக்குக் கீழே அறை தோண்டினால் என்ன என்று கேட்பார்கள். பிரான்சில் அது வேலை செய்யும், இங்கே செய்யாது. சில மீற்றர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிற்கும். போர்டோவின் சராசரி 13, 14 பாகைப் பக்கம். திருகோணமலையின் சராசரி 28 பாகைப் பக்கம். ஃப்ரெடெரிக் கோட்டைச் சுவரளவு தடித்த சுவர் கட்டினாலும் ஏற்ற இறக்கம் குறையுமே தவிர 14 பாகை வராது. மின்சாரத்தில் ஓடும் குளிர்பெட்டி ஒன்றே வழி.

அந்தப் பெட்டியை வாங்கும்போது மூன்று விடயம் பாருங்கள். கொம்பிரசர் உள்ளதா? கொம்பிரசர் இல்லாத, சத்தமில்லாத சிறு பெட்டிகள் அழகாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அவை வெளிச்சூட்டைவிட ஓரளவுக்குத்தான் இறக்க வல்லவை. 33 பாகை அறையில் 18க்குக் கீழே போக மூச்சுத் திணறும். அடுத்தது காலநிலை வகுப்பு, பின்பக்கத் தகட்டில் எழுத்தாக அச்சடித்திருப்பார்கள். 'என்' என்றால் 32 பாகை வரைக்குமான பெட்டி, இங்கே போதாது. 'எஸ்டி' 38 வரை, 'டி' 43 வரை தாங்கும். 'டி'யைத் தேடுங்கள். மூன்றாவது ஈரப்பதம்: உள்ளே 60 முதல் 75 வீதம் இருந்தால் தக்கை காயாது. சாதாரண பிரிட்ஜ் 4 பாகையில் காற்றை உலர்த்திவிடும். ஓரிரு கிழமைக்குப் பரவாயில்லை, மாதக்கணக்கில் வைத்தால் தக்கை சுருங்கும்.

சுவரிலிருந்து கையளவு இடைவெளி விடுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று பின்பக்கச் சுருளை அரித்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மென்தூரிகையால் தூசும் உப்பும் போகத் துடைக்க வேண்டும். வாடைக் காற்று மாதங்களில் இன்னும் அடிக்கடி. கறண்ட் போய் வந்ததும் கொம்பிரசர் உடனே பாயாமல் மூன்று, ஐந்து நிமிடம் தாமதிக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று அவசியம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு காலம் வந்தால் பெட்டியைத் திறக்காமல் இருப்பதே முதல் வைத்தியம். வெறும் தட்டுகளில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி நிரப்பி வைத்தால் உள்ளே குளிர் வெகுநேரம் நிற்கும். செலவில்லாத வேலை, நாங்கள் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

கொழும்பிலிருந்து கொண்டுவருவதிலும் கவனம் வேண்டும். ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர். வெயிலில் நிறுத்திய வாகனத்தின் உட்சூடு 50 பாகையைத் தாண்டும். சாப்பாட்டுக்கு இறங்கிய அரை மணிநேரம் இருபது வருடத்தைப் பாழாக்கிவிடும். இரவுப் பயணமே நல்லது, இரவு ரயில் இன்னும் நல்லது. மீன் ஏற்றும் றெஜிபோம் பெட்டி போதும்: போத்தலைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, உறைந்த ஐஸ் பை இரண்டை இன்னொரு துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், போத்தலில் நேரே படக்கூடாது. வந்து சேர்ந்ததும் திறக்க அவசரப்படாதீர்கள். குலுங்கிய மண்டி படிய இரண்டு மூன்று கிழமை படுக்கப் போட்டு, கடைசி இரண்டு நாள் நிமிர்த்துங்கள். விருந்துக்கென்று கடைசி நேரத்தில் வாங்க நினைத்தால் போயா நாளில் மதுவிற்பனை இல்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சாப்பாடு. நம்முடைய மேசையில் இந்த வைன் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று செத்தல் மிளகாய்: உறைப்பும் அற்ககோலும் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும், வைன் வெறும் கசப்பாகும். மற்றது மீன். சூரை போன்ற எண்ணெய் மீனோடு வைனிலுள்ள இரும்புச் சத்து சேரும்போது நாக்கில் உலோக ருசி தங்கும். கடலோர ஊரில் மீனை ஒதுக்கச் சொல்ல மனம் வரவில்லை, ஆனால் அன்றைக்கு மட்டும் ஆட்டிறைச்சிக்குப் போங்கள். ஒரு கிலோ எலும்போடு, மட்டான கொழுப்போடு. பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், இரண்டு தேக்கரண்டி இடித்த மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், கறிவேப்பிலை, உப்பு. மிளகாய்த்தூளும் பழப்புளியும் வேண்டாம். மூடிபோட்டு ஒன்றரை மணிநேரம் மெல்லிய நெருப்பில் அவித்து, கடைசியில் முதற்பால் அரைக் கோப்பை விட்டுப் பிரட்டலாக இறக்குங்கள். கொழுப்பும் உப்பும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், வைனின் பழம் முன்னுக்கு வரும். சோற்றைவிட ரோஸ்ட் பாண் பொருத்தம்.

மிஞ்சினால் அதே போத்தலில் தக்கையை அடித்து வைக்காதீர்கள், பாதிப் போத்தல் காற்று இரவோடிரவாக வேலையை முடித்துவிடும். 375 மி.லீ. அரைப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்துத் தயாராக வைத்திருந்து, திறந்த உடனேயே அதைக் கழுத்து முட்ட நிரப்பி மூடி பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். இரண்டு பேர் மட்டும் குடிப்பதானால் முதல் வேலையே இதுதான். அடுத்த நாள் மாலை, வெளியே எடுத்து இருபது நிமிடத்தில், எங்கள் அரைப் போத்தலில் பென்சில் வாசம் அப்படியே இருந்தது; பழம் மட்டும் ஒரு படி குறைந்திருந்தது. மூன்றாம் நாளுக்கு வைக்க வேண்டாம்.